டிரைவர் இல்லாத வண்டி, நிழல் இல்லாத தெரு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போறது தானா ஓடுற வண்டிகளைப் பத்தி. ஆனா கதை ஒரு பஸ் ஸ்டாப்ல ஆரம்பிக்குது.

போன மே மாசம், மதியம் ரெண்டு மணி. சித்தியோட பஸ்ஸுக்காக நின்னுட்டிருக்கேன். சித்தி ரெண்டு வீட்டுல சமையல் வேலை பார்க்கிறாங்க. முன்னாடி நகரத்துக்குள்ளயே இருந்தாங்க. வாடகை கட்டுப்படியாகாம புறநகர்ல ரொம்ப உள்ளே தள்ளிப் போயிட்டாங்க. அந்த ஸ்டாப்ல நிழற்குடை இல்ல. ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதோட நிழல் ஒரு ஆள் அகலம்கூடக் கிடையாது. அந்தக் கோட்டுக்குள்ள ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஏழு பேர் நிக்கிறோம். யாரும் சொல்லல, ஆனா வரிசை அழகா அமைஞ்சிருச்சு.

நான் சும்மா பேச்சுக்கு, "சித்தி, இன்னும் கொஞ்ச வருஷத்துல டிரைவரே இல்லாத வண்டி வீட்டு வாசலுக்கே வரும்"னு சொன்னேன். சித்தி சிரிச்சிட்டுக் கேட்டாங்க: "எங்க வாசலுக்கா, நான் வேலை செய்யுற வீட்டு வாசலுக்கா?"

இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடப்போறோம்.

ஒரு காருக்கு எவ்வளவு இடம்?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவின் நகரத் திட்ட வழிகாட்டிகள், அடித்தளத்தில் ஒரு கார் நிறுத்த சுமார் 32 சதுர மீட்டர் ஒதுக்கச் சொல்லுது. கார் நிற்கிற இடம், உள்ளே வந்து திரும்புற பாதை எல்லாம் சேர்த்துத்தான். திறந்தவெளின்னா 23 சதுர மீட்டர். இப்போ இன்னொரு எண்ணைப் பாருங்க. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துல பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கான வீட்டோட அளவு 30 சதுர மீட்டர் வரை. ஒரு குடும்பம் சமைச்சு, சாப்பிட்டு, தூங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வீடு, அடித்தளத்தில் ஒரு கார் நிற்க எடுத்துக்கிற இடத்தைவிடச் சின்னது.

அந்தக் கார் என்ன செய்யுதுன்னு பார்த்தா, பெரும்பாலும் சும்மா நிக்குது. டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வாழ்நாள் முழுக்க கார் நிறுத்தத்தைப் பத்தியே ஆராய்ச்சி செஞ்சவர். ஒரு சொந்தக் கார் அதோட ஆயுள்ல சுமார் 95 சதவீத நேரம் நிறுத்தித்தான் இருக்குன்னு அவர் விளக்கினார். அவர் சொன்னதில் முக்கியமானது வேற ஒண்ணு: இலவச பார்க்கிங்னு எதுவும் கிடையாது. அதோட செலவு வீட்டு விலையில, வாடகையில, கடைச் சாமானோட விலையில கலந்துடும். கார் இல்லாதவரும் அந்தச் செலவைக் கொடுக்கிறார்.

வெயில் ஊர்ல இதுக்கு இன்னொரு முகம் இருக்கு. பார்க்கிங்னா தார் இல்லன்னா கான்கிரீட். பகல் முழுக்க வெப்பத்தைக் குடிச்சு, ராத்திரி மெதுவா வெளியே விடும். ராத்திரி பதினோரு மணிக்கும் தெரு ஏன் தகிக்குதுன்னு யோசிச்சிருப்பீங்களே, அதுக்கு ஒரு காரணம் இதுதான்.

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் பெருநகரத்தை எடுத்துக்குங்க. 2019-ல் வெளிவந்த ஒரு ஆய்வு அங்க இருக்கிற பார்க்கிங் இடங்களை எண்ணிச்சு. மக்கள் சுமார் 40 லட்சம் பேர். பார்க்கிங் இடங்கள் சுமார் 1 கோடியே 22 லட்சம். ஆளுக்கு மூணு! நகர நிலத்துல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. அதே ஃபீனிக்ஸ்ல 2023 கோடையில தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டுச்சு. அந்த வருஷம் அந்த ஊர் அடங்கிய மரிகோபா கவுண்டியில மட்டும் வெப்பம் காரணமான சாவுகள் 645. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் வீடில்லாதவங்க.

தானா ஓடுற வண்டி என்ன தரும்?

இப்போ தானியங்கி வண்டிக்கு வருவோம். வாதம் ரொம்ப எளிமையானது. வண்டி தானே வந்து ஏத்திட்டு, இறக்கிட்டு, அடுத்த ஆளைத் தேடிப் போயிடுச்சுன்னா அது நிக்க இடமே வேண்டாம். பார்க்கிங் இடம் வீடாகும், மரமாகும், விளையாடுற இடமாகும். வீடு கட்டுற செலவு குறையும். கேட்க நல்லா இருக்கு. உண்மையா?

பாதி உண்மை. 2015-ல் பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் சர்வதேசப் போக்குவரத்து மன்றம், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரப் பயணங்களை வெச்சு கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி ஓட்டிப் பார்த்தது. மெட்ரோ ஓடுது, அதோட தானியங்கி வண்டிகள்ல பலர் சேர்ந்து பயணம் பண்றாங்கன்னு வெச்சுக்கிட்டா, இருக்கிற கார்கள்ல பத்துல ஒரு பங்கே போதும்னு வந்துச்சு. பிரமாதம். ஆனா அதே ஆய்வுல இன்னொரு கணக்கும் இருக்கு. ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஏறுறாங்க, மெட்ரோவும் இல்லன்னு வெச்சா, சாலையில ஓடுற மொத்த கிலோமீட்டர் கிட்டத்தட்ட 90 சதவீதம் கூடிடும். ஏன்னா காலி வண்டியும் அடுத்த ஆளைத் தேடி ஓடிட்டே இருக்கும்.

ரெண்டு கணக்குலயும் தொழில்நுட்பம் ஒண்ணுதான். பக்கத்து சீட்டுல இன்னொருத்தர் இருக்காரா, பின்னாடி ஒரு மெட்ரோ இருக்கா, இதுதான் வித்தியாசம். "பகிர்வு"ங்கிற வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இனி நாம பார்க்கப்போற மூணு ஊர்லயும் அது வரும்.

முதல் ஊர்: மஸ்தார்

அபுதாபி பக்கத்துல, பாலைவனத்துல, மஸ்தார் நகரம். 2006-ல் அறிவிச்சாங்க, 2008-ல் கட்ட ஆரம்பிச்சாங்க. திட்டம் போட்டது பிரிட்டனின் ஃபாஸ்டர் நிறுவனம். கிட்டத்தட்ட 6 சதுர கிலோமீட்டர்ல, சுமார் 50,000 பேர் வாழ, கார்பன் வெளியேற்றமே இல்லாத ஊர்.

அதுல தெருக்களை யோசிச்ச விதம் அருமை. பழைய அரபு ஊர்கள் மாதிரி குறுகலான தெரு. ரெண்டு பக்கக் கட்டடமும் ஒண்ணுக்கொண்ணு நிழல் கொடுக்கும். காத்தைக் கீழே இறக்க ஒரு காற்றுக் கோபுரம். நம்ம பழைய ஊர்கள்ல ஓட்டு வீட்டுத் திண்ணை என்ன வேலை பார்த்ததோ, அதே யோசனைதான்.

கார் எங்கே போகும்? ஊரையே ஒரு மேடை மேல தூக்கிக் கட்டி, மேடைக்குக் கீழே டிரைவர் இல்லாத சின்ன வண்டிகளை விடலாம்னு முடிவு. தரையில பதிச்ச காந்தங்களை உணர்ந்து வழி கண்டுபிடிக்கும். நாலு பெரியவங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க உட்காரலாம். ஆயிரக்கணக்கான வண்டி, ஊர் முழுக்க நிலையங்கள்னு கனவு. 2010 நவம்பர்ல ஓட ஆரம்பிச்சது. எத்தனை? பத்து பயணி வண்டி, ரெண்டு பயணி நிலையம். ஒரு முனையில கல்வி நிறுவனம். இன்னொரு முனையில என்ன தெரியுமா? கார் பார்க்கிங்.

அதுக்கு மேல அந்தப் பாதை நீளவே இல்ல. ஊரை மேடை மேல தூக்கிக் கட்டுற செலவு தாங்கல. 2008-ல வந்த பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துச்சு. 2016-ல் ஊர் முடியணும்னு முதல் திட்டம்; அந்த வருஷம் வந்தப்போ ஒரு சின்னப் பகுதிதான் எழும்பியிருந்துச்சு.

இதுல எனக்குப் புரிஞ்ச பாடம்: செலவு குறைஞ்ச விஷயம் ஜெயிச்சுது. குறுகலான தெரு, நிழல், காத்து இதெல்லாம் இன்னைக்கும் வேலை செய்யுது. வண்டிக்குன்னு தனியாக் கட்டின அடித்தளம் பாதியில நின்னுச்சு. ஒரு குறிப்பிட்ட வண்டியை நம்பி ஊரோட அஸ்திவாரத்தைப் போட்டா, வண்டி பழசாகும்போது ஊரும் மாட்டிக்கும்.

ரெண்டாவது ஊர்: டெம்பி

திரும்ப அரிசோனா. ஃபீனிக்ஸை ஒட்டின டெம்பி நகரத்துல கல்டிசாக்னு ஒரு குடியிருப்பு. 17 ஏக்கர், 761 வீடு திட்டம். 2023-ல் முதல் குடித்தனக்காரங்க வந்தாங்க. வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை: இங்க கார் நிறுத்த மாட்டேன்.

உள்ளே தார் ரோடு கிடையாது. வெள்ளை அடிச்ச ரெண்டு மூணு மாடிக் கட்டடங்கள், நடுவுல நடக்க மட்டும் குறுகலான சந்துகள். வாசல்லயே டிராம் மாதிரி ஓடுற இலகு ரயில், அதுக்குக் குடியிருக்கறவங்களுக்கு இலவச பாஸ். வேற எங்கயாவது போகணும்னா வாடகை வண்டி கூப்பிடலாம். அந்தப் பகுதியில வேமோவோட டிரைவர் இல்லாத காரும் ஓடுது. ஃபீனிக்ஸ் பகுதியில 2018 டிசம்பர்ல வேமோ கட்டணச் சேவையை ஆரம்பிச்சது. 2020 அக்டோபர்ல இருந்து ஓட்டுநர் இருக்கையில யாருமே இல்லாம பொதுமக்களை ஏத்துது.

இது வேலை செய்யுது. காருக்குப் போயிருக்க வேண்டிய நிலம் வீடாவும் நிழலாவும் மாறினதைக் கண்ணால பார்க்கலாம். ஆனா ரெண்டு கேள்வி மிச்சம் இருக்கு.

ஒண்ணு, வாடகை. அது சந்தை வாடகைதான். கார் வாங்கற, பெட்ரோல் போடற, இன்ஷூரன்ஸ் கட்டற செலவு மிச்சம்னு சொல்லலாம், நியாயம்தான். ஆனா ஏற்கெனவே கார் வாங்க வழியில்லாதவருக்கு அதுல மிச்சப்படுத்த எதுவும் இல்ல. பார்க்கிங் கட்டாம மிச்சமான பணம் வாடகையில குறையணும்னா, அதை யாராவது விதியா எழுதி வைக்கணும். தானா நடக்காது.

ரெண்டு, தெருவுல நடக்கிற ஆள். இதே டெம்பியில 2018 மார்ச் 18 ராத்திரி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஒரு அகலமான சாலையைக் கடந்த பெண் மேல சோதனை ஓட்டத்துல இருந்த ஒரு தானியங்கி கார் மோதி அவங்க இறந்துட்டாங்க. உள்ளே இருந்த கண்காணிப்பாளரோட கவனம் சாலையில இல்ல. அவங்க கடந்த இடத்துல கிராசிங் இல்ல. அடுத்த கிராசிங் 100 மீட்டருக்கு மேல தள்ளி. கிராசிங் இல்லாத இடத்துலயும் ஆள் குறுக்கே வருவாங்கன்னு அந்த மென்பொருளை வடிவமைக்கவே இல்லன்னு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணையில கண்டுபிடிச்சது.

இதை நம்ம ஊர்ல வெச்சு யோசிங்க. இங்க யார் கிராசிங் பார்த்துக் கடக்கிறோம்? ஆக, வண்டி புத்திசாலியா இருந்தா மட்டும் பத்தாது. தெருவே மெதுவான தெருவா இருக்கணும். குடியிருப்புக்குள்ள நடக்கிறவருக்குத்தான் முதல் உரிமைன்னு தெருவோட அகலமும் வளைவுமே சொல்லணும்.

மூணாவது ஊர்: சிங்கப்பூர்

இது வெயிலோட வியர்வையும் சேர்ந்த ஊர். சென்னைக்காரங்களுக்குப் புரியும். சிங்கப்பூர் மக்கள்ல முக்கால்வாசிக்கு மேல அரசு வீட்டு வசதி வாரியம் கட்டின வீடுகள்லதான் இருக்காங்க. அதனால அங்க வீடும் போக்குவரத்தும் ஒரே மேஜையில திட்டமாகுது.

பொங்கோல்னு ஒரு வாரியக் குடியிருப்பு நகரம். 2005-ல் இருந்து அங்க டிரைவர் இல்லாத இலகு ரயில் வளைய வளைய ஓடுது. ஆமா, இருபது வருஷமா! யாரும் அதை எதிர்காலம்னு விளம்பரம் பண்றதில்ல. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறாங்க, பாட்டிங்க மார்க்கெட் போறாங்க. இப்போ அதே பொங்கோல்ல தானியங்கி மின்வண்டிகளை ஓட்டிப் பார்க்கப்போறதா 2025 செப்டம்பர்ல நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவிச்சது. ஆரம்பத்துல உள்ளே ஒரு பாதுகாப்பு ஊழியர் இருப்பார். பாதையும் அரசு மருத்துவ மையம், கடைத் தொகுதி மாதிரி ஜனங்க தினமும் போற இடங்களை வீடுகளோட இணைக்கிற மாதிரி.

ஆனா எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாத் தெரியறது கூரை. 2013-ல் ஆரம்பிச்ச ஒரு திட்டத்துல, ரயில் நிலையத்தைச் சுத்தி 400 மீட்டர் வரைக்கும், பஸ் நிலையத்தைச் சுத்தி 200 மீட்டர் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை கட்டினாங்க. மொத்தம் 200 கிலோமீட்டர் அளவுக்கு. வெயிலும் மழையும் படாம வீட்டுல இருந்து ரயிலுக்கு. அதோட கார் வெச்சுக்கிற உரிமைச் சீட்டே ஏலத்துல. 2023-ல் அதோட விலை ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டுச்சு. காரை விலை ஏத்தினாங்க, கூடவே நடக்கிறதைச் சுலபமாக்கினாங்க. ரெண்டும் சேர்ந்துதான் நடந்துச்சு.

இப்போ எழும்பிட்டிருக்கிற தெங்கா நகரத்துல 42,000 வீடு. நகர மையத்துல தரைமட்டத்துல கார் கிடையாது, ரோடு அடியில போகும். மஸ்தார்ல ஊர் முழுக்கச் செய்யப் பார்த்ததை இங்க மையத்துல மட்டும் செய்யறாங்க. நடுவுல 100 மீட்டர் அகலத்துக்குக் காடு. எல்லாம் சரியா நடந்துதுன்னு சொல்ல மாட்டேன். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இடத்துல குளிரூட்டுற ஏற்பாட்டுல நீர்க் கசிவுன்னு ஆரம்பத்துல புகார் வந்துச்சு. ரயில் பாதை வர்றதுக்கு முன்னாடியே ஜனங்க குடிவந்துட்டாங்க. ஆனா காசு இல்லாதவருக்கும் அந்த நிழல்ல பங்கு இருக்கு.

சரி, நம்ம ஊர்?

சென்னையில கூவம் ஓரம், ரயில் பாதை ஓரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு தெற்கே கொண்டுபோய்க் குடிவெச்சாங்க. பெரும்பாக்கத்துல மட்டும் 20,000-க்கும் மேல வீடுகள். வேலை பலருக்கு இன்னும் பழைய இடத்துலயே, 20 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. வீடு கிடைச்சுது, தூரம் கூடவே வந்துச்சு.

மெட்ரோவோட ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதுக்கான ரயில்கள் டிரைவர் இல்லாமலேயே ஓடுற மாதிரி வடிவமைச்சவை. மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர் போற பாதையில பெரும்பாக்கம்னு ஒரு நிலையம் இருக்கு. அப்போ பகிர்ந்து போற தானியங்கி வண்டி நமக்குக் கனவு இல்ல, கட்டிட்டிருக்காங்க. மிச்சம் இருக்கறது நிலையத்துல இருந்து வீட்டு வாசல் வரைக்குமான கடைசித் துண்டு.

அந்தத் துண்டை நிரப்ப ரோபோ கார் வேணுமா? அமெரிக்காவுல டாக்ஸிச் செலவுல பெரிய பங்கு டிரைவர் சம்பளம். அவரை எடுத்தா கணக்கு மாறும். இங்க தலைகீழ். ஓட்டுற ஆளோட கூலியைவிட அந்தக் கேமராவும் சென்சாரும்தான் விலை. நம்மகிட்ட ஏற்கெனவே ஷேர் ஆட்டோ இருக்கு. கை காட்டினா நிக்கும், முகம் தெரிஞ்ச டிரைவர் சில்லறை இல்லன்னா நாளைக்குக் கொடுங்கம்பார். அதை மின்வண்டியாக்கி, நேரம் வெச்சு, மெட்ரோ டிக்கெட்டோட சேர்த்தா, கூரை போட்ட நிறுத்தம் கட்டினா, பாதித் தூரம் கடந்துட்டோம். அதை ஓட்டுற குடும்பங்களும் பிழைக்கும்.

கட்டணத்தையும் மறந்துடக் கூடாது. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துல பெண்களுக்கு இலவசம். ஒரு பயணத்துக்குக் காசே கொடுக்காத பெண், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய் கேட்டா என்ன செய்வாங்க? வெயில்ல நடப்பாங்க.

அடுத்த தடவை விளம்பரம் பார்த்தா

"எதிர்கால ஸ்மார்ட் குடியிருப்பு"ன்னு பளபளன்னு ஒரு விளம்பரம் வந்தா இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க.

1. மதியம் ரெண்டு மணிக்கு வாசல்ல இருந்து நிறுத்தம் வரைக்கும் நிழல்லயே நடக்க முடியுமா?
2. பார்க்கிங்ல மிச்சமான நிலம் யாருக்குப் போச்சு? வாடகை குறைஞ்சுதா?
3. வண்டியில தனியாப் போறாங்களா, சேர்ந்து போறாங்களா? அது ரயிலோட, பஸ்ஸோட இணையுதா?
4. ஸ்மார்ட்ஃபோன் இல்லாத பாட்டியும் சக்கர நாற்காலியில வர்றவரும் ஏற முடியுமா?
5. அந்த வண்டிக் கம்பெனி நாளைக்கே கடையைக் கட்டிட்டாலும் அந்தத் தெரு வாழத் தகுந்ததா இருக்குமா?

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம். மரமும் கூரையும் குறுகலான தெருவும் எந்தக் கம்பெனியோட ஆப்பையும் நம்பி இல்ல.

இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது சித்திக்கு ஃபோன் பண்ணி, "ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?"ன்னு கேட்டேன். வண்டியைச் சொல்லல. வீட்டுப் பக்கத்தையும் சொல்லல. "இறங்கினதுல இருந்து வேலை செய்யுற வீடு வரைக்கும் ஒரு பத்து நிமிஷம்டா, ஒரு மரம் கிடையாது. இருந்ததையும் ரோட்டை அகலமாக்கும்போது வெட்டிட்டாங்க. யார் காருக்குன்னு தெரியல."

உங்க வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நாளைக்கு மதியம் ஒரு தடவை நடந்து பாருங்க. எவ்வளவு தூரம் நிழல் இருந்துச்சுன்னு எண்ணி எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதை வெச்சுப் பேசுவோம். அதுவரைக்கும், தண்ணி பாட்டில் மறக்காதீங்க.